பெயர் சரியாக அமைந்தால்: மகளிர் புற்றுநோய்களும் அரிய புற்றுநோய்களும் ஆராயப்படும் விதம்

ஒரு புற்றுநோயை அரியது என்று சொல்வதற்கு மருத்துவ உலகம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஓர் ஆண்டில் 1,00,000 பேரில் 6 பேருக்கும் குறைவாகப் புதிதாக வரும் புற்றுநோய் அரியது என்பது ஐரோப்பிய வரையறை. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் அந்த வரம்பை 15 பேர் என்று வகுத்திருக்கிறது. தனித்தனியே மிகச் சிறியவையாகத் தெரியும் இந்நோய்களை ஒன்றாகக் கூட்டிப் பார்த்தால், ஐரோப்பாவில் புற்றுநோய் கண்டறியப்படுபவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் மேற்பட்டோருக்கு இருப்பது ஏதோ ஓர் அரிய புற்றுநோய்தான். அரிய புற்றுநோய் வந்தவர்களில் 5 ஆண்டுகளைக் கடந்து வாழ்வோர் 47 விழுக்காடு என்றும், பரவலான புற்றுநோய் வந்தவர்களில் 65 விழுக்காடு என்றும் அங்குள்ள புற்றுநோய்ப் பதிவேடுகளைத் தொகுத்த ஆய்வு ஒன்று கண்டது.

இந்த வேறுபாடு முழுவதையும் நோயின் கொடுமை மீது ஏற்றிவிட முடியாது. ஒரு மருத்துவர் தம் வாழ்நாளில் இரண்டு முறையோ மூன்று முறையோ மட்டுமே பார்க்கக்கூடிய நோயை முதல் பார்வையில் அடையாளம் காண்பது கடினம். அடையாளம் கண்ட பிறகும், எந்த மருந்து பயன் தரும் என்று உறுதியாகச் சொல்லும் ஆய்வுகள் பெரும்பாலும் இருப்பதில்லை. ஏனெனில் ஆய்வு நடத்தும் அளவுக்கு நோயாளிகள் ஓரிடத்தில் சேர்வதில்லை. அரிய புற்றுநோய் ஆராய்ச்சி என்று நாம் சொல்வது, அடிப்படையில், இந்த இரண்டு இடர்ப்பாடுகளுடன் நடக்கும் போராட்டம்தான்: நோய்க்குச் சரியான பெயரைக் கண்டுபிடிப்பது ஒன்று, சிதறிக் கிடக்கும் சிலரை ஒன்றுசேர்த்துக் கற்றுக்கொள்வது மற்றொன்று. பெண்களின் இனப்பெருக்க உறுப்புகளில் தோன்றும் புற்றுநோய்களை எடுத்துக்கொண்டால் இவ்விரண்டும் மிகத் தெளிவாகப் புலப்படும்.

கருப்பை வாய், கருப்பை, சினைப்பை, கருக்குழாய், யோனி, வெளிப்புறப் பெண்ணுறுப்பு ஆகிய இடங்களில் தோன்றுபவற்றை மகளிர் புற்றுநோய்கள் என்கிறோம். இவற்றில் கருப்பை வாய்ப் புற்றுநோய் உலக அளவில் அரியதன்று. 2022ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 6,60,000 பெண்களுக்கு அது புதிதாக வந்தது, சுமார் 3,50,000 பேர் அதனால் இறந்தனர். அதற்குக் காரணம் ஹியூமன் பாப்பிலோமா வைரஸ் என்பதை ஹரால்ட் சூர் ஹவுசன் 1980களில் காட்டினார். அதற்காக 2008இல் நோபல் பரிசு பெற்றார். 2006 முதல் தடுப்பூசி இருக்கிறது. ஆக, காரணம் தெரிந்து, தடுக்கும் வழியும் தெரிந்த புற்றுநோய் அது. யோனியில் தோன்றும் புற்றுநோயும், கருப்பையின் தசையில் தோன்றும் சார்கோமாவும் அரியவை. சினைப்பையின் நிலைமை இன்னும் சிக்கலானது. ‘சினைப்பைப் புற்றுநோய்’ என்ற ஒற்றைப் பெயருக்குள் தோற்றத்திலும், காரணத்திலும், மருந்துக்குக் காட்டும் எதிர்வினையிலும் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத பல நோய்கள் அடங்கியிருக்கின்றன. அவற்றுள் ஒன்றைத் தவிர ஏனைய அனைத்தும் அரியவை.

மெழுகுத் துண்டிலிருந்து மரபணு வரை

பெயர் எங்கே முடிவாகிறது என்பதைச் சற்று அருகில் சென்று பார்க்கலாம். அறுவை சிகிச்சையில் எடுக்கப்பட்ட திசு முதலில் ஃபார்மலினில் ஊறவைக்கப்படுகிறது. பிறகு நீர் நீக்கப்பட்டு, உருகிய பாரஃபின் மெழுகு ஏற்றப்பட்டு, விரல்நுனி அளவுள்ள ஒரு துண்டாக இறுகுகிறது. அந்த மெழுகுத் துண்டிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் 250இல் ஒரு பங்கு தடிமனுள்ள இழைகளைச் சீவி, கண்ணாடிச் சில்லில் விரித்து, செல்லின் கருவை நீலமாகவும் மற்ற பகுதிகளை இளஞ்சிவப்பாகவும் காட்டும் சாயங்களை ஏற்றுகிறார்கள். நோய்க்குறியியல் நிபுணர் நுண்ணோக்கியில் பார்ப்பது அந்த நீலத்தையும் சிவப்பையும்தான். நோயாளி ஒருபோதும் நேரில் சந்திக்காத அந்த மனிதர் எழுதும் இரண்டு வரிகளே அடுத்து வரும் எல்லாச் சிகிச்சையையும் தீர்மானிக்கின்றன.

சினைப்பையில் தோன்றும் கிரானுலோசா செல் கட்டி என்ற அரிய நோயை எடுத்துக்கொள்வோம். இதன் செல்கருக்களில் காப்பிக்கொட்டையில் இருப்பதுபோல நடுவே ஒரு கோடு ஓடும். பார்த்துப் பழகியவர் அந்தக் கோட்டைக் கண்டதும் நோயை ஊகிப்பார். ஆனால் வேறு சில கட்டிகளும் இதே வேடத்தைப் போடக்கூடியவை. 2009இல் கனடாவின் வான்கூவரைச் சேர்ந்த ஆய்வாளர்கள், பெரியவர்களுக்கு வரும் இவ்வகைக் கட்டிகளில் 4ஐ மட்டும் எடுத்து, அவற்றில் செயல்பட்டுக்கொண்டிருந்த மரபணுச் செய்திகள் முழுவதையும் எழுத்தெழுத்தாகப் படித்தார்கள். நான்கிலும் ஃபாக்ஸ்எல்2 என்ற மரபணுவில், அதே இடத்தில், ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. பிறகு வேறு 89 கட்டிகளில் தேடியபோது 86இல் அதே எழுத்துப் பிழை இருந்தது. ஒரு நோயின் அடையாளம் ஓர் எழுத்தில் அடங்கியிருந்தது என்பதும், அதைக் கண்டுபிடிக்க 4 கட்டிகள் போதுமாக இருந்தன என்பதும் எனக்கு இன்றும் வியப்பளிக்கும் செய்திகள். அரிய நோய்கள் பலவற்றில் இப்படி ஒரே ஒரு மாற்றம் முதன்மையாக நின்று நோயை நடத்துகிறது. பரவலான புற்றுநோய்களிலோ நூற்றுக்கணக்கான மாற்றங்களின் இரைச்சலுக்குள் அதைத் தேட வேண்டியிருக்கிறது.

இளம்பெண்களுக்கு வரும், வேகமாகப் பரவும், பெரும்பாலும் இரத்தத்தில் கால்சியத்தை உயர்த்திவிடும் ஒரு வகைச் சிறுசெல் சினைப்பைப் புற்றுநோயிலும் இதுவே நடந்தது. அதன் பின்னால் இருப்பது எஸ்மார்க்ஏ4 என்ற மரபணுவின் இழப்பு என்பதை 2014இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாகக் கண்டறிந்தன. அம்மரபணு உருவாக்கும் புரதம் செல்லில் இருக்கிறதா என்பதைச் சாயம் ஏற்றியே பார்த்துவிடலாம் என்பதால், பெரிய மரபணுக் கூடங்கள் இல்லாத மருத்துவமனையிலும் இன்று அந்த நோய்க்குப் பெயரிட முடிகிறது. ஒரு கண்டுபிடிப்பு எளிய சோதனையாக இறங்கி வரும்போதுதான் அது நோயாளியின் கைக்கு எட்டுகிறது.

தவறான இடத்தில் தேடிய கதை

நோயறிதல் வேறு, முன்கூட்டிய சோதனை வேறு. அறிகுறியுடன் வந்தவருக்கு இருப்பது என்ன என்று கண்டறிவது நோயறிதல். அறிகுறி எதுவும் இல்லாதவர்களிடம் நோயைத் தேடுவது முன்கூட்டிய சோதனை. கருப்பை வாயில் இரண்டாவது முறை மிக நன்றாகப் பலன் தந்திருக்கிறது. ஏனெனில் அங்கே புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் பல ஆண்டுகள் தங்கியிருக்கும், அந்த இடத்தைக் கண்ணால் பார்க்க முடியும், தூரிகை போன்ற கருவியால் செல்களை வருடி எடுக்கவும் முடியும். இதே நம்பிக்கையைச் சினைப்பைக்கும் நீட்டலாம் என்று பலரும் எண்ணினார்கள்.

1981இல் ராபர்ட் பாஸ்டும் அவருடைய குழுவினரும் சி.ஏ.-125 என்ற புரதத்தை இனங்காணும் வழியைக் கண்டார்கள். சினைப்பைப் புற்றுநோய் உள்ள பலருடைய இரத்தத்தில் அது உயர்ந்திருந்தது. ஆண்டுதோறும் அதை அளந்துவந்தால் நோயைத் தொடக்கத்திலேயே பிடித்துவிடலாம் அல்லவா? இந்தக் கேள்விக்கு விடை காண்பதற்காக 2001 முதல் 2005 வரை பிரிட்டனில் மாதவிடாய் நின்ற 2,02,638 பெண்களைச் சேர்த்து, குலுக்கல் முறையில் மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஆண்டுதோறும் இரத்தச் சோதனையும் அதன் முடிவைப் பொறுத்து ஸ்கேனும், இன்னொரு குழுவுக்கு ஸ்கேன் மட்டும், மூன்றாவது குழுவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். சராசரியாக 16 ஆண்டுகளுக்கும் மேல் பின்தொடர்ந்த பிறகு 2021இல் முடிவு வெளியானது. இரத்தச் சோதனைக் குழுவில் நோய் முதல் நிலையிலேயே பிடிபட்டோர் கூடுதலாக இருந்தனர். ஆனால் மூன்று குழுக்களிலும் அந்த நோயால் இறந்தோர் ஒரே அளவு, 0.6 விழுக்காடு. முன்பே கண்டுபிடிப்பதும் போதிய அளவு முன்னால் கண்டுபிடிப்பதும் ஒன்றல்ல என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய ஆய்வு வேறு இல்லை என்பேன்.

ஏன் இப்படி ஆனது என்பதற்கான விடையின் ஒரு பகுதி வேறொரு திசையிலிருந்து வந்தது. டி.என்.ஏ.வைப் பழுதுபார்க்க உதவும் பிராக்கா மரபணுக்களில் மாற்றம் உள்ள பெண்களுக்குச் சினைப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிகவும் அதிகம். 80 வயதுக்குள் அது பிராக்கா1 மாற்றம் உள்ளோரில் சுமார் 44 விழுக்காடு, பிராக்கா2 மாற்றம் உள்ளோரில் சுமார் 17 விழுக்காடு என்று ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. ஆகவே அவர்களில் பலர் நோய் வருவதற்கு முன்பே சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் அகற்றிக்கொள்கிறார்கள். அப்படி அகற்றப்பட்ட உறுப்புகளைப் பொதுவாக ஒன்றிரண்டு இடங்களில் மட்டும் வெட்டிப் பார்ப்பது பழைய வழக்கம். 2001இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் கருக்குழாய்களைக் கூர்ந்து பார்த்தபோது புற்றுநோயை ஒத்த மாற்றங்கள் அங்கே தென்பட்டன. அதன் பிறகு நோய்க்குறியியல் நிபுணர்கள் வெட்டும் முறையையே மாற்றிக்கொண்டார்கள்: குழாயின் முனையில் விரல்கள்போல விரிந்திருக்கும் குஞ்சத்தை நீளவாக்கில் வகிர்ந்து, மீதமுள்ள குழாயை 2, 3 மில்லிமீட்டர் இடைவெளியில் குறுக்காக நறுக்கி, எல்லாத் துண்டுகளையும் மெழுகில் ஏற்றிப் பார்த்தார்கள். சினைப்பைப் புற்றுநோய்களில் மிகப் பரவலான வகை பெரும்பாலும் சினைப்பையில் தோன்றுவதே இல்லை, அந்தக் குஞ்சத்தில் ஒரு சில மில்லிமீட்டர் அகலத்தில் தொடங்கி, சினைப்பையின் மேல் உதிர்ந்து வளர்கிறது என்பது அப்போது தெரியவந்தது. ஸ்கேனில் தெரியாத, இரத்தத்தில் புரதத்தை உயர்த்தும் அளவுக்கு வளராத அந்தச் சிறு புள்ளி வயிற்றறை முழுவதும் விதைகளைத் தூவிவிடக்கூடியது.

இந்த அறிவு சிகிச்சையாகவும் மாறியது. 2010இல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநில மருத்துவர்கள், வேறு காரணத்துக்காகக் கருப்பையை அகற்றும்போதும் நிரந்தரக் கருத்தடை செய்யும்போதும் சினைப்பையை விட்டுவைத்துக் கருக்குழாய்களை முழுமையாக எடுத்துவிடலாம் என்று பரிந்துரைக்கத் தொடங்கினார்கள். தேடிப் பிடிக்க முடியாத நோயை அது தோன்றும் இடத்தையே எடுத்துத் தடுக்கும் வழி இது.

நச்சுக்கொடியிலிருந்து வரும் புற்றுநோய்

அரிய புற்றுநோய்களுக்கு என்னென்ன சாத்தியம் என்பதற்கு ஒரே ஓர் எடுத்துக்காட்டுச் சொல்லச் சொன்னால் கோரியோகார்சினோமாவைத்தான் சொல்வேன். கருவுற்ற முட்டையிலிருந்து நச்சுக்கொடியாக வளர வேண்டிய செல்களே கட்டுமீறி வளர்ந்து புற்றாவது இந்நோய். முத்துப்பிள்ளை கர்ப்பம் என்று நம்மவர்கள் சொல்லும், திராட்சைக் கொத்துபோல நீர்ப்பைகள் நிறைந்த கருவளர்ச்சிக்குப் பிறகு இது வரக்கூடும். இயல்பான பிள்ளைப்பேற்றுக்குப் பிறகும், கருச்சிதைவுக்குப் பிறகும்கூட வரக்கூடும். நுரையீரலுக்கும் மூளைக்கும் விரைவாகப் பரவும். 1950களின் நடுப்பகுதிவரை, பரவிய நிலையில் இந்நோயோடு வந்த இளம்பெண்கள் சில மாதங்களில் இறந்துபோனார்கள்.

அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் பணியாற்றிய மின் சியூ லீயும் ராய் ஹெர்ட்ஸும் இத்தகைய நோயாளிகளுக்கு மெத்தோட்ரெக்சேட் என்ற மருந்தைக் கொடுத்து, கட்டிகள் கரைந்துபோனதை 1956இல் வெளியிட்டார்கள். இந்தச் செல்கள் ஹெச்.சி.ஜி. என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. கர்ப்பம் உண்டா என்று பார்க்கும் சோதனையில் அளக்கப்படுவதும் அதுதான். எக்ஸ்ரே படத்தில் நுரையீரல் தெளிவாகிவிட்ட பிறகும் ஹெச்.சி.ஜி. சிறிதளவு எஞ்சியிருப்பதை லீ கவனித்தார். கண்ணுக்குத் தெரியாத நோய் இன்னும் உடலில் இருக்கிறது என்பதே அதன் பொருள் என்று அவர் எண்ணினார். அளவு சுழியத்தைத் தொடும்வரை மருந்தைத் தொடர்ந்தார். நோயாளிகளுக்குத் தேவையில்லாமல் நஞ்சு கொடுக்கிறார் என்று கருதிய நிறுவனம் அவரை வெளியேற்றியது. ஆனால் அவர் சொன்னபடி சிகிச்சை முடித்த பெண்களுக்கு நோய் திரும்பவில்லை. முன்னதாகவே நிறுத்தப்பட்டவர்களுக்குத் திரும்பியது. உறுப்பில் திரண்டு, பிற இடங்களுக்கும் பரவிவிட்ட ஒரு புற்றுநோயை மருந்தால் மட்டுமே முழுமையாகக் குணப்படுத்த முடியும் என்பது முதன்முதலாக இங்கேதான் நிறுவப்பட்டது.

அதற்கடுத்த படி மருந்தில் இல்லை, ஏற்பாட்டில் இருந்தது. 1973 முதல் பிரிட்டனில் முத்துப்பிள்ளை கர்ப்பம் வந்த பெண்கள் அனைவரும் லண்டன், ஷெஃபீல்டு, டண்டீ ஆகிய மூன்று மையங்களில் ஒன்றில் பதிவு செய்யப்படுகிறார்கள். அவர்கள் தம் ஊரிலேயே இருந்துகொண்டு சிறுநீர், இரத்த மாதிரிகளை அனுப்புகிறார்கள், ஹெச்.சி.ஜி. இறங்க வேண்டிய வேகத்தில் இறங்குகிறதா என்று மையம் பார்த்துக்கொண்டே இருக்கிறது. இறங்காமல் நின்றாலோ ஏறினாலோ உடனே அழைக்கிறார்கள். வயது, கட்டியின் அளவு, பரவிய இடம், ஹெச்.சி.ஜி. அளவு போன்றவற்றுக்கு மதிப்பெண் போட்டு, கூட்டுத்தொகை 6 வரை இருந்தால் ஒற்றை மருந்து, 7 அல்லது அதற்கு மேல் என்றால் பல மருந்துகள் என்று பிரிக்கிறார்கள். குறைந்த மதிப்பெண் பிரிவில் இன்று ஏறத்தாழ எல்லோருமே குணமடைகிறார்கள். பெரும்பாலோர் கருப்பையை இழப்பதில்லை, பிறகு பிள்ளை பெறவும் முடிகிறது. நாடு முழுவதும் சிதறியிருக்கும் அனுபவத்தை ஓரிடத்தில் குவித்ததன் பயன் இது.

அண்மையில், முதல் மருந்து பலிக்காத 15 பெண்களுக்கு அவெலுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தைக் கொடுத்த பிரெஞ்சு ஆய்வில் 8 பேருக்கு ஹெச்.சி.ஜி. இயல்பு நிலைக்குத் திரும்பியது. 15 பேர் என்பது பரவலான நோய்களில் மிகச் சிறியதாக எண்ணப்படும் எண்ணிக்கை. இங்கே அது போதுமானதாக இருந்ததற்குக் காரணம், நோயைத் துல்லியமாக அளக்கும் கோல் கையில் இருந்ததுதான்.

அரிதாக இருப்பதே துப்பாகும்போது

அரிய நோய்கள் சில சமயம் மற்ற எவருக்கும் தெரியாத ஆபத்தைக் காட்டிக்கொடுக்கின்றன. 1960களின் பிற்பகுதியில் பாஸ்டனில் ஆர்தர் ஹெர்ப்ஸ்டும் அவருடைய சகாக்களும் யோனியில் அடினோகார்சினோமா என்ற சுரப்பிசெல் வகைப் புற்றுநோய் வந்த இளம்பெண்களை அடுத்தடுத்துப் பார்த்தார்கள். அந்த வயதில் அந்த நோய் அநேகமாக எவருமே கண்டிராதது. கருவுற்றிருந்தபோது தாம் உட்கொண்ட மருந்து காரணமாக இருக்குமோ என்று ஒரு நோயாளியின் தாய் கேட்டார். மருத்துவர்கள் அந்தக் கேள்வியை ஒதுக்கிவிடவில்லை. நோயுற்ற 8 பெண்களின் தாய்மாரில் 7 பேர் கருச்சிதைவைத் தடுப்பதற்காக டி.இ.எஸ். என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனை உட்கொண்டிருந்தனர். ஒப்பிடுவதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட 32 தாய்மாரில் ஒருவர்கூட உட்கொண்டிருக்கவில்லை. 1971இல் இது வெளிவந்ததும், கர்ப்பிணிகளுக்கு அதைக் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதே ஆண்டில் எச்சரித்தது. இது பரவலான நோயாக இருந்திருந்தால் 8 பேர் கூட்டத்தில் கரைந்துபோயிருப்பார்கள்.

நோயாளியின் வாய்ச்சொல்லிலிருந்து தொடங்கிய இன்னொரு தேடல் இதைவிடப் பழையது. 1895இல் மிச்சிகன் பல்கலைக்கழக நோய்க்குறியியல் வல்லுநர் ஆல்ட்ரெட் வார்தினிடம் அவருடைய தையற்காரப் பெண், தம் குடும்பத்தில் பலரும் குடல், வயிறு, பெண்ணுறுப்புப் புற்றுநோய்களால் இறந்திருக்கிறார்கள் என்றும், தாமும் அப்படித்தான் இளவயதில் இறப்பேன் என்றும் சொன்னார். அவர் அஞ்சியபடியே கருப்பை உட்சவ்வுப் புற்றுநோயால் இறந்தார். வார்தின் அந்தக் குடும்பத்தைப் பற்றி 1913இல் எழுதினார். பின்னாளில் ஹென்றி லிஞ்ச் இத்தகைய குடும்பங்களைத் தொடர்ந்து ஆராய்ந்ததால் அந்நிலைக்கு லிஞ்ச் நோய்த்தொகுதி என்று பெயர் வந்தது. டி.என்.ஏ. நகலெடுக்கப்படும்போது விழும் எழுத்துப் பிழைகளைத் திருத்தும் மரபணுக்கள் இவர்களிடம் பழுதாகியிருக்கின்றன என்பது 1990களில் தெரிந்தது.

பிழை திருத்தும் அமைப்பு பழுதான கட்டியில் ஆயிரக்கணக்கான பிழைகள் குவிந்திருக்கும். அவற்றால் உருவாகும் வினோதமான புரதங்களை நோயெதிர்ப்பு மண்டலம் அந்நியமாகக் காண்கிறது. கட்டியோ அந்த மண்டலத்துக்குக் கடிவாளம் போட்டு வைத்திருக்கிறது. கடிவாளத்தை அவிழ்க்கும் மருந்துகள் இத்தகைய கட்டிகளில் மிக நன்றாக வேலை செய்கின்றன. 2017 மே மாதத்தில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, கட்டி எந்த உறுப்பில் தோன்றினாலும் இந்தப் பழுது இருந்தால் பெம்ப்ரோலிசுமாப் மருந்தைக் கொடுக்கலாம் என்று அனுமதித்தது. உறுப்பின் பெயரைப் பார்க்காமல் பழுதின் பெயரைப் பார்த்துப் புற்றுநோய்க்கு மருந்து அனுமதிக்கப்பட்டது அதுவே முதல் முறை. முற்றிய அல்லது திரும்பிவந்த கருப்பை உட்சவ்வுப் புற்றுநோயில் இதே பழுது உள்ளவர்களுக்கு வழக்கமான கீமோதெரபியுடன் டோஸ்டார்லிமாப் என்ற மருந்தைச் சேர்த்த 2023ஆம் ஆண்டின் ஆய்வில், 2 ஆண்டுகள் கழித்து நோய் முன்னேறாமல் இருந்தவர்கள் 61.4 விழுக்காடு, சேர்க்காதவர்களில் 15.7 விழுக்காடு.

கருப்பை உட்சவ்வுப் புற்றுநோய் ஒரே நோய் அல்ல என்பதையும் மரபணுக்கள்தாம் காட்டின. 2013இல் 373 கட்டிகளை ஆராய்ந்த அமெரிக்க மரபணு வரைபடத் திட்டம் அவற்றை நான்கு கூட்டங்களாகப் பிரித்தது. அவற்றில் ஒன்றில் போல்ஈ என்ற மரபணு மாறியிருக்கும். நுண்ணோக்கியில் அச்சமூட்டும் தோற்றம் கொண்ட இக்கட்டிகள் நடைமுறையில் மிக அரிதாகவே திரும்பி வருகின்றன. இன்னொன்றில் பி53 என்ற காவல் புரதம் பழுதாகியிருக்கும், அது கடுமையானது. கதிர்வீச்சு மட்டும் பெற்றோரையும் கதிர்வீச்சுடன் கீமோதெரபியும் பெற்றோரையும் ஒப்பிட்ட ஆய்வில், பி53 பழுதான பெண்களில் 5 ஆண்டுகள் நோய் திரும்பாமல் இருந்தோர் முறையே 36, 59 விழுக்காடு. போல்ஈ மாற்றம் உள்ளவர்கள் இரு முறையிலும் அநேகமாக எல்லோரும் நலமாக இருந்தார்கள். யாருக்குக் கூடுதல் மருந்து உயிர் கொடுக்கிறது, யாருக்கு அது வெறும் துன்பமாக முடிகிறது என்பதைப் பிரித்துக் காட்டும் பெயர்தான் நல்ல பெயர்.

எண்ணிக்கை போதாதபோது

ஒரு காசைப் பத்து முறை சுண்டும்போது ஏழு முறை தலை விழுந்தால் யாரும் வியக்க மாட்டார்கள். ஆயிரம் முறை சுண்டி எழுநூறு முறை தலை விழுந்தால் காசில் ஏதோ இருக்கிறது என்போம். மருந்து ஆய்வுகளும் இப்படித்தான். பத்து நோயாளிகளில் ஏழு பேர் தேறினால் அது மருந்தின் வேலையா, தற்செயலா என்று சொல்வது கடினம். அனுபவம் நிறைந்தவர்களின் ஊகம்கூட இங்கே தவறிவிடும். கருப்பை வாய்ப் புற்றுநோயின் தொடக்க நிலையில் வயிற்றைத் திறந்து செய்யும் பெரிய அறுவை சிகிச்சையைவிடத் துளைவழி அறுவை சிகிச்சை வலி குறைந்தது, விரைவில் வீடு திரும்பலாம் என்பதால் அது உலகெங்கும் பரவியிருந்தது. 631 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்த ஆய்வு 2018இல் வெளிவந்தபோது, நான்கரை ஆண்டுகளில் நோயின்றி இருந்தோர் திறந்த முறையில் 96.5 விழுக்காடு, துளைவழி முறையில் 86 விழுக்காடு என்று தெரிந்தது. இந்த ஆய்வு நடந்திராவிட்டால், நல்லெண்ணத்துடனேயே பல பெண்களுக்குத் தீங்கு தொடர்ந்திருக்கும்.

631 பேரைச் சேர்க்க முடியாத நோய்களில் என்ன செய்வது? ஒரு வழி, நாடுகள் கைகோப்பது. மெதுவாக வளரும், ஆனால் வழக்கமான கீமோதெரபிக்கு அவ்வளவாக அசையாத ஒரு வகைச் சினைப்பைப் புற்றுநோய்க்காகப் பிரிட்டனும் அமெரிக்காவும் சேர்ந்து 260 பெண்களைத் திரட்டின. டிராமெட்டினிப் என்ற மாத்திரை நோய் முன்னேறாத காலத்தை 7.2 மாதங்களிலிருந்து 13 மாதங்களாக உயர்த்தியது. இன்னொரு வழி, உறுப்பை மறந்து மரபணு மாற்றத்தின் அடிப்படையில் வெவ்வேறு நோயாளிகளை ஒரே கூடையில் சேர்ப்பது. என்.டி.ஆர்.கே. மரபணுக்கள் வேறொரு மரபணுவுடன் ஒட்டிக்கொண்ட கட்டிகளுக்காக லாரோடிரெக்டினிப் மருந்து சோதிக்கப்பட்டபோது, 17 வகைப் புற்றுநோய்கள் கொண்ட 55 பேர் சேர்ந்தார்கள். அவர்களில் 4 மாதக் குழந்தையும் இருந்தது, 76 வயது முதியவரும் இருந்தார். 75 விழுக்காட்டினருக்குக் கட்டி சுருங்கியது.

மூன்றாவது வழி, நோயின் இயக்கத்தை ஐயத்துக்கு இடமின்றி அறிந்திருப்பது. குடல்சுவரில் தோன்றும் ஜிஸ்ட் என்ற அரிய கட்டியைக் கிட் என்ற மரபணுவின் மாற்றம் நடத்துகிறது என்று 1998இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்கள். இமாட்டினிப் என்ற மருந்து அந்தப் புரதத்தை அடைக்கக்கூடியது. 2000 மார்ச்சில் பின்லாந்தின் ஹெல்சிங்கியில், எல்லாச் சிகிச்சையும் பலிக்காத ஒரே ஒரு பெண்ணுக்கு அது கொடுக்கப்பட்டது. ஈரலில் பரவியிருந்த கட்டிகள் சில வாரங்களிலேயே சுருங்கின. அந்த ஒருவருக்குக் கிடைத்த பலன், 2002இல் அறுவையால் அகற்ற முடியாத அல்லது பரவிய ஜிஸ்ட் நோய்க்கு அமெரிக்காவில் மருந்து அனுமதிக்கப்படுவதற்கான வழியைத் திறந்தது.

பிராக்கா மாற்றம் கொண்ட சினைப்பைப் புற்றுநோயில் பயன்படும் பார்ப் தடுப்பான்களும் இத்தகைய அறிவின் விளைவே. டி.என்.ஏ.வைப் பழுதுபார்க்கும் ஒரு வழி ஏற்கெனவே அடைபட்ட செல்லில் இன்னொரு வழியையும் மருந்து அடைத்தால் அச்செல் பிழைக்காது. மற்ற செல்களிடம் முதல் வழி திறந்தே இருப்பதால் அவை தாக்குப்பிடிக்கும். 391 பெண்கள் பங்குபெற்ற ஆய்வில், 7 ஆண்டுகளுக்குப் பிறகு உயிருடன் இருந்தோர் ஒலாபரிப் என்ற பார்ப் தடுப்பானைப் பெற்றவர்களில் 67 விழுக்காடு, போலி மாத்திரை பெற்றவர்களில் 46.5 விழுக்காடு.

நோயாளியின் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்த ஆராய்ச்சிகளிலிருந்து நடைமுறைக்கு வருபவை சில. மாதவிடாய் நின்ற பிறகு ஏற்படும் உதிரப்போக்கை, அது ஒரு துளியாக இருந்தாலும், காட்டிவிட வேண்டும். அப்படி வருபவர்களில் சுமார் 9 விழுக்காட்டினருக்குக் கருப்பை உட்சவ்வுப் புற்றுநோய் இருக்கிறது, மற்றவர்களுக்கு அச்சம் நீங்குகிறது. அந்த உதிரப்போக்குக்குப் பின்னால் ஈஸ்ட்ரோஜனைச் சுரக்கும் கிரானுலோசா செல் கட்டிகூட இருக்கலாம். அறிக்கையில் அரிய நோயின் பெயர் எழுதப்பட்டிருந்தால், சிகிச்சை தொடங்குவதற்கு முன்பு அந்தக் கண்ணாடிச் சில்லுகளை அத்துறையில் பழகிய இன்னொரு நிபுணருக்கு அனுப்பிப் பார்க்கச் சொல்வது நோயாளியின் உரிமை. அது முதல் மருத்துவரை நம்பாமை ஆகாது. பெரும்பாலான மருத்துவர்கள் தாமே அதை விரும்புவார்கள். பரிசோதித்து முடித்த பிறகும் மெழுகுத் துண்டுகளைப் பல ஆண்டுகள் பாதுகாத்து வைக்கிறார்கள். கிரானுலோசா செல் கட்டி அறுவை சிகிச்சைக்குப் பிறகு 10, 20 ஆண்டுகள் கழித்தும் திரும்பி வரக்கூடியது. அப்படித் திரும்பி வந்த ஒரு பெண்ணுக்கு, முதல் அறுவையின்போது எவரும் அறிந்திராத ஃபாக்ஸ்எல்2 சோதனையை, அலமாரியில் இருக்கும் அவருடைய அந்தப் பழைய துண்டிலேயே இன்று செய்து பார்க்க முடியும்.